பெரிய டிசைனரின் பெயர், பெரிய கடையின் விலை: வாங்கலாமா?

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நான் பள்ளி ஆசிரியை. 2021இல் டிசைனர் சப்யசாச்சி முகர்ஜியும் எச் அண்ட் எம் என்ற பன்னாட்டு ஆடைக்கடை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட சேலையை வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தேன். இணையப் பக்கம் திறப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போது ஒருவர், பிரிக்காத சேலை என்று சொல்லி 16,000 ரூபாய் கேட்கிறார். வேறொரு நிறுவனம் வெளிநாட்டு டிசைனர் ஒருவருடன் சேர்ந்து கொண்டுவந்திருக்கும் 6,000 ரூபாய் ஜாக்கெட்டின் மீதும் ஆசை இருக்கிறது. பெயருக்குத்தான் காசு என்கிறார் அக்கா. லட்சக்கணக்கில் விலை போகும் டிசைனரின் உடையை எங்களைப் போன்றவர்கள் வேறு எப்படித்தான் உடுத்துவது? அந்த அச்சு வடிவங்களை வழிவழியாகச் செய்துவரும் கைவினைஞர்களுக்கு இதில் ஏதாவது போய்ச் சேருகிறதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சேலையை 16,000 ரூபாய்க்கு வாங்காதீர்கள். ஜாக்கெட்டைக் கடைக்குப் போய் உடுத்திப் பாருங்கள். கீழே சொல்லப்போகும் சில இடங்களில் அது சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒரே வகையான கூட்டு வெளியீட்டில் ஒன்றுக்கு வேண்டாம் என்றும் மற்றொன்றுக்குச் சரி என்றும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்காகப் பேட்டர்னையும் (துணியை வெட்ட உதவும் காகித வடிவம்) தையலையும் சரிபார்க்கும் வேலையிலேயே என் தொழில் வாழ்க்கை கழிந்திருக்கிறது. அந்த அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: இத்தகைய வெளியீடுகளில் டிசைனரிடமிருந்து உண்மையாகவே நம் கைக்கு வந்து சேரக்கூடியது அவருடைய வெட்டு, அதாவது உடலில் சரியாக உட்காரும்படி துணியை வெட்டி வடிவமைக்கும் விதம், மட்டும்தான். துணியும் கைவேலையும் விலைக்குத் தக்கவைதான். ஆகவே வெட்டில் உயிர் வைத்திருக்கும் உடைக்குப் பணம் கொடுக்கலாம். துணியிலும் கைவேலையிலும் உயிர் வைத்திருக்கும் உடைக்குக் கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு கலைஞரின் படைப்பை வெறுமனே படத்தில் பார்த்துக்கொண்டிருக்காமல் உடலில் உடுத்திப் பார்க்க வேண்டும் என்று விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை. அதைப் பகட்டு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த ஆசைக்கு நீங்கள் கொடுக்கும் பணம் சரியான இடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் என் கவலை.

இந்த உடைகள் உருவாகும் விதம் தெரிந்தால் மற்றது தானாகவே விளங்கும். பெரிய சில்லறை நிறுவனம் முதலில் விற்பனை விலையை முடிவு செய்கிறது. இந்தச் சட்டை 2,999, இந்தக் கோட்டு 9,999 என்று எழுதிவிட்டு, அதிலிருந்து வரி, கடைச் செலவு, விளம்பரம், லாபம் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே பின்னோக்கி வந்தால் மிஞ்சுவதுதான் துணிக்கும் தையலுக்குமான தொகை. டிசைனர் வரைபடங்களையும் அச்சு வடிவங்களையும் தன் பழைய தொகுப்புகளிலிருந்து சில மாதிரி உடைகளையும் தருகிறார். அந்தத் தொகைக்குள் அடங்கும் துணியைத் தேடுவதும், சாம்பிள் தைப்பதும், அளவுக்கு அளவு பேட்டர்னை விரிப்பதும் பெரும்பாலும் நிறுவனத்தின் ஆட்கள்தாம். தைப்பது, அதே நிறுவனத்தின் மற்ற உடைகளைத் தைக்கும் வழக்கமான தொழிற்சாலைகள். டிசைனரின் சொந்தப் பட்டறையில் மூன்று வாரம் உட்கார்ந்து எம்பிராய்டரி போடும் கைகள் இந்த வரிசையில் எங்கும் வருவதில்லை, வரவும் முடியாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விலைதான் அப்படி முடிவு செய்துவிடுகிறது.

இந்த வழக்கம் மதிப்பு பெற்ற கதை சுருக்கமானது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க டிசைனர் ஹால்ஸ்டன், ஜே.சி. பென்னி என்ற நடுத்தரக் கடைகளுக்காக உடை வடிவமைக்க ஒப்பந்தம் செய்தபோது, நியூயார்க்கின் உயர்தரக் கடையான பெர்க்டார்ஃப் குட்மேன் அவருடைய உடைகளை விற்பதையே நிறுத்திவிட்டது. மலிவான கடையோடு சேர்ந்தவருக்கு எங்கள் கடையில் இடமில்லை என்பதே அன்றைய மனநிலை. இருபது ஆண்டுகளில் அது தலைகீழானது. 2004 நவம்பரில் பாரிஸின் உயர்தர ஆடை நிறுவனமான ஷனெல்லின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த கார்ல் லாகர்ஃபெல்ட் எச் அண்ட் எம் நிறுவனத்துக்காக ஒரு தொகுப்பு செய்து, அது பல நகரங்களில் ஒரே நாளில் தீர்ந்தது. அதன்பின் ஸ்டெல்லா மெக்கார்ட்னி, லான்வின், வெர்சாச்சி, பல்மான் என்று அந்த நிறுவனம் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒருவரை அழைத்து வந்தது. கடைக்குக் கூட்டமும் விளம்பரமும் கிடைக்கின்றன. டிசைனரின் பெயரோ அதுவரை எட்டாத வீடுகளுக்குப் போகிறது. இருவருக்கும் லாபம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். 2009இல் ஜப்பானின் யூனிக்லோ நிறுவனம் ஜெர்மனியைச் சேர்ந்த ஜில் சாண்டரை அழைத்து பிளஸ் ஜே என்ற வரிசையைத் தொடங்கியது. தன் பெயரிலேயே தொடங்கிய நிறுவனத்தை விட்டு அவர் அப்போது விலகியிருந்தார். 2011 வரை அந்த வரிசை வந்தது. 2020இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சட்டை, கருநீலக் கோட்டு, எளிய பேன்ட் என்று அலங்காரமே இல்லாத உடைகள். ஒரு கோட்டில் தோள் எங்கே முடிந்து கை எங்கே தொடங்க வேண்டும், காலர் கழுத்தின் பின்புறத்தில் எப்படி உட்கார வேண்டும், முன்பக்கம் பொத்தான் போடாதபோதும் எப்படி நேராக விழ வேண்டும் என்பதிலேயே வாழ்நாளைச் செலவழித்தவர் அவர். அப்படிப்பட்ட ஒருவரின் பேட்டர்ன் சாதாரணத் துணியில் வெட்டப்பட்டாலும் பேட்டர்ன்தான். காகிதத்தில் வரைந்த ஒரு தோள் வளைவை ஆயிரம் முறை வெட்டினாலும் செலவு கூடாது. நல்ல வளைவுக்கும் மோசமான வளைவுக்கும் துணி ஏறக்குறைய ஒன்றே. மலிவு விலையிலும் கெடாமல் வரக்கூடிய அறிவு அது ஒன்றுதான். அந்தக் கோட்டுகளை இன்றும் பழைய உடைச் சந்தைகளில் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்குப் பெயரைக் காட்டிலும் அந்த வெட்டே காரணம் என்று நினைக்கிறேன்.

யூனிக்லோவே பிற்பாடு கிறிஸ்டோஃப் லெமேரை 2015இல் விருந்தினராக அழைத்து, அடுத்த ஆண்டு முதல் அவர் தலைமையில் யூனிக்லோ யு என்ற நிரந்தர வரிசையாகவே மாற்றியது. ஒரே நாள் விற்பனைக்கும் இப்படித் தொடர்ந்து வரும் வரிசைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தொடர் வரிசையில் சென்ற முறை கை சற்றுக் குட்டையாக இருந்தது, அக்குளில் பிடித்தது என்று வந்த குறைகளை அடுத்த முறை திருத்த முடியும். ஒரே நாளில் தீர்ந்துவிடும் தொகுப்பில் அதற்கு வாய்ப்பே இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் நான் தொடர் வரிசையின் பக்கமே சாய்வேன்.

இனி உங்கள் சேலைக்கு வருவோம். சேலையில் வெட்டு என்ற ஒன்றே கிடையாது. தோளும் இடுப்பும் கொசுவமும் உடுத்துபவரின் கையில் இருக்கின்றன. ஆகவே ஒரு சேலையின் மதிப்பு முழுவதும் நூலிலும் நெசவிலும் சாயத்திலும் அச்சிலும் கைவேலையிலுமே இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் விலைக் கணக்கில் முதலில் அடிபடுபவையும் இவையேதான். வெட்டையும் எடுத்துவிட்டு, கைவேலையையும் எடுத்துவிட்டால் டிசைனரிடமிருந்து மிஞ்சுவது அச்சு வடிவமும் பெயரும் மட்டுமே.

பின்னலாடைத் துறையில் இருப்பதால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இத்தாலியின் மிசோனி குடும்பத்தின் புகழ் வளைந்து நெளியும் அந்த வண்ணக் கோடுகளில் இருக்கிறது. அவர்களுடைய அசல் உடையில் அந்தக் கோடு துணியின் மேல் அச்சிட்டது அல்ல. பல வண்ண நூல்களை எந்திரத்தில் கோர்த்து, பின்னும்போதே உருவாக்குவது. துணியைத் திருப்பிப் பார்த்தால் கோடு உள்ளேயும் இருக்கும். 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளுக்காக அவர்கள் ஒரு தொகுப்பு செய்தபோது, அந்தக் கோடு ஸ்வெட்டரில் மட்டும் அல்லாமல் தட்டு, சைக்கிள் வரை பரவியது. வாங்க வந்த கூட்டத்தில் கடையின் இணையதளமே அன்று முடங்கியது. பின்னலில் பிறந்த ஒரு வடிவம் பீங்கான் மேல் ஒட்டும் படமாக மாறிய பிறகு, அதில் மிசோனியின் கைத்திறன் எவ்வளவு மிஞ்சுகிறது? அழகு மிஞ்சுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அழகுக்கு ஒரு தட்டின் விலைதான் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட 2021 ஆகஸ்ட் வெளியீட்டிலும் இதுவே நிகழ்ந்தது. கொல்கத்தாவின் சப்யசாச்சி தன் திருமண உடைகளில் கையச்சு, கை எம்பிராய்டரி, கைத்தறி ஆகியவற்றால் பெயர் பெற்றவர். எச் அண்ட் எம் தொகுப்பில் வந்தவை பெரும்பாலும் எந்திரத்தில் அச்சிட்ட உடைகள். சேலையின் விலை 9,999 ரூபாய். சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்து, அன்றே கூடுதல் விலைக்கு மறுவிற்பனைப் பக்கங்களில் தலைகாட்டத் தொடங்கின.

கைவினைஞர்களைப் பற்றிய உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. அப்போதே அதை உரக்கக் கேட்டவர்கள் இருந்தார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, கமலாதேவி சட்டோபாத்யாயா தொடங்கிய இந்தியக் கைவினை மன்றம் உள்ளிட்ட பல கைவினை அமைப்புகள் சப்யசாச்சிக்கு ஒரு திறந்த மடல் எழுதின. தொகுப்பின் வடிவங்கள் இந்தியக் கைவினை மரபைச் சார்ந்தவையாக முன்வைக்கப்பட்டபோதிலும், அவற்றைச் செய்ததில் கைவினைஞர்களுக்குப் பங்கில்லை, பயனும் தெரியவில்லை. நல்ல வாய்ப்பு ஒன்று தவறிவிட்டது என்பது அவர்களின் வருத்தம். ராஜஸ்தானின் சங்கானேர் போன்ற ஊர்களில் மரக்கட்டையைச் சாயத்தில் தொட்டுத் தொட்டுக் கையால் அச்சிடுவதுதான் குடும்பங்களின் பிழைப்பு. அதே பூ எந்திரத்தில் மீட்டர் மீட்டராக ஓடி, பெரிய பெயரோடு கடைக்கு வரும்போது, கையச்சுக்கு ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்கத் தொடங்கிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. சப்யசாச்சியின் மறுமொழியையும் சொல்லிவிட வேண்டும். இந்திய வடிவமைப்பை உலகக் கடைகளின் வரைபடத்தில் ஏற்றுவதே இந்தக் கூட்டின் நோக்கம் என்றும், தன் சொந்த நிறுவனத்தில் கைவினைஞர்களோடு செய்யும் பணி தனியே தொடர்கிறது என்றும் அவர் விளக்கினார். அவ்வளவு பெரிய எண்ணிக்கையை அவ்வளவு குறைந்த விலையில் கையால் செய்ய முடியாது என்பதும் தொழில் தெரிந்த எவரும் மறுக்க முடியாத உண்மை.

இரு பக்கத்தையும் கேட்ட பின்னும் நான் கைவினை அமைப்புகளின் பக்கமே நிற்கிறேன். கையால் செய்ய முடியாது என்றால், அது கையால் செய்ததன்று என்பதை விலைச்சீட்டிலேயே தெளிவாக எழுதலாம். அந்த வடிவம் எந்த ஊருக்குரியது என்பதைச் சொல்லி, விற்பனையில் ஒரு பங்கை அந்த ஊரின் அச்சுக்காரர்களுக்கு ஒதுக்கலாம். ஐம்பது சேலைகளையாவது உண்மையான கையச்சில் செய்து உரிய விலைக்கு அருகிலேயே வைத்து, வித்தியாசத்தை வாங்குபவரே தொட்டுப் பார்க்கும்படி செய்யலாம். இவை எதுவும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தால் முடியாத காரியங்கள் அல்ல.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்றால், பல நேரங்களில் தெரியும். கையச்சுத் துணியை வெளிச்சத்தில் விரித்து, ஒரு கட்டை முடிந்து அடுத்த கட்டை தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். நூலிழை அளவு இடைவெளியோ, ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறிய கறையோ எங்காவது இருக்கும். ஒரே பூவின் அழுத்தம் ஓரிடத்தில் கூடியும் மற்றோரிடத்தில் குறைந்தும் இருக்கும். டிஜிட்டல் அச்சில் எல்லாப் பூக்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். துணியின் பின்புறம் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும்.

16,000 ரூபாய் என்பது சேலைக்குச் சிறிய தொகை இல்லை. கோ-ஆப்டெக்ஸ் கடையில் அந்தப் பணத்துக்கு அசல் பட்டில், கைத்தறியில் நெய்த சேலையே வாங்கலாம். கோவைப் பக்கம் சிறுமுகையில் நெய்யும் மென்பட்டு இன்னும் குறைந்த விலையில் கிடைக்கும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி வாங்கினால் ஒன்றுக்கு மூன்றாகவே எடுத்துவிடலாம். பட்டு என்றால் சில்க் மார்க் சீட்டையும், கைத்தறி என்றால் கைத்தறி முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் வாழும் உங்களுக்கு விசைத்தறிச் சேலையை அடையாளம் காண நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய டிசைனர் ஒருவர் தம் திருமணச் சேலைகளுக்கு எந்த வகைத் தறியைத் தேடிப் போகிறாரோ, அதே வகைத் தறியிலிருந்து இடைக்கைகள் இல்லாமல் நீங்கள் நேரடியாக வாங்குகிறீர்கள். "எங்களைப் போன்றவர்கள் வேறு எப்படி உடுத்துவது" என்று கேட்டீர்களே, சேலையைப் பொறுத்தவரை என் பதில் இதுதான்.

மறுவிற்பனை விலையைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. தட்டுப்பாடு திட்டமிட்டே உண்டாக்கப்படுகிறது. அந்தப் பரபரப்பில் ஏறிய விலையைப் பொருளின் மதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாமே நிமிடங்களில் தீர்ந்துவிடுவதும் இல்லை. 2012இல் எச் அண்ட் எம் கொண்டுவந்த மார்ஜியெலா தொகுப்பு, பாரிஸின் அந்த டிசைனர் நிறுவனத்தின் பழைய வெட்டுகளையே மறுபடி செய்தது. வெட்டில் ஈடுபாடுள்ளவர்களுக்கு அது ஒரு புதையல். ஆயினும் பல கடைகளில் அது தேங்கித் தள்ளுபடி விலைக்கும் வந்தது. வெளியீட்டு நாளில் அடித்துப் பிடித்து வாங்குவதை விட, இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் போவது பல சமயம் நல்லது. மேலும், முன்பின் தெரியாதவர் விற்கும் பொருளில் லேபிளும் சீட்டும் போலியாக இருக்கலாம். படத்தை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது எங்களுக்கே கடினம்.

இனி ஜாக்கெட். உடுத்திக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். தளர்வாகவே வடிவமைத்த உடை என்றால் இரு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருக்க வேண்டும். கையின் மேற்பகுதியில், தோளோடு சேரும் வளைவில், சிறு சுருக்கங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அந்த வளைவைச் சுருக்கமில்லாமல் ஏற்றுவதுதான் ஜாக்கெட் தைப்பதில் மிகக் கடினமான வேலை. அவசரத்தில் தைத்தால் முதலில் காட்டிக்கொடுக்கும் இடமும் அதுவே. பிறகு கரும்பலகையில் எழுதுவதுபோல் கையை உயர்த்துங்கள். வகுப்பறையில் நாள் முழுதும் நீங்கள் செய்யும் அசைவு அது. ஜாக்கெட் முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறினால் அக்குள் பகுதியின் வெட்டு சரியில்லை என்று பொருள். டிசைனர் யாராக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

அடுத்து உட்புறத்தைத் திருப்புங்கள். கட்டமோ கோடோ உள்ள துணி என்றால் பக்கத் தையலில் கோடும் கோடும் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். கோடு பொருந்தும்படி வெட்டினால் துணி கூடுதலாகச் செலவாகும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் விடுவது அதைத்தான். லைனிங் முதுகின் நடுவில் ஒரு மடிப்பு விட்டுத் தைக்கப்பட்டிருந்தால் குனிந்து நிமிரும்போது கிழியாது. கை நுனியில் இரண்டு விரல் அளவு துணி உள்ளே மடிக்கப்பட்டிருந்தால் உங்கள் ஊர்த் தையல்காரரே நீளத்தைக் கூட்டிக் குறைத்துத் தருவார். இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, அதே கடையில், அதே நிறுவனத்தின் வழக்கமான ஜாக்கெட் ஒன்றையும் எடுத்து உடுத்திப் பாருங்கள். துணியும் தையலும் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். தோளும் காலரும் வேறாக இருந்தால், கூடுதல் விலையில் அந்த வேறுபாட்டைத்தான் வாங்குகிறீர்கள். உங்கள் உடலில் அது தெரியவில்லை என்றால் வழக்கமான ஜாக்கெட்டே போதும்.

வாங்கினால் பில்லையும் சீட்டையும் அறுக்காமல் வைத்திருந்து, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் வீட்டில் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை உடுத்தி, அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அப்போதும் தோள் இறுக்காமல் இருந்தால் சீட்டை வெட்டிவிடலாம். இறுக்கினால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.